ஆகாயத்திலும் தலைவிதியா?

2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் மாண்டான். இப்படிப்பட்ட சாவுகளைத் "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் நம்மில் அநேகர். மலைமேல் மழை பெய்வதைக் கண்டு, கீழே நிற்பவனுக்கு உடனே சொல்ல ஆளும் கருவியும் இருந்திருந்தால் அந்தத் தலையெழுத்து என்னவாகியிருக்கும் என்று நாம் கேட்கின்றோம்.

ஆகாய விமான விஷயமும் இதுவேயாகும். மேகத்துக்குள் எதிரே வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. தரையில் ராடார் பார்த்து, "நீ இந்த உயரத்தில் நில்" என்று சொல்லும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர்தான் அவனுக்குக் கண்.

1996 நவம்பர் 12-ல் டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் ஆகாயத்தில் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சவூதி விமானத்தில் போனவர்களில் நம் கடையநல்லூர், தென்காசிக்காரர்களைப்போல் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளிகள் பலர். ஏறுகிறவனுக்கு 14,000 அடி, இறங்குகிறவனுக்கு 15,000 அடி என்பது உத்தரவு. இறங்கினவன் உத்தரவை மீறி இன்னும் கீழே வந்துவிட்டான் என்று நீதிபதி லகோத்தி விசாரணையில் கண்டார். ஆனால் அவன் மீறியதை அன்றைய டில்லி ராடார் காட்டவில்லை. உயரம் காட்டும் சக்தி அதற்கில்லை. ஏறவும் இறங்கவும் ஒரே பாதை. பிறகுதான் பாதைகள் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் வந்தது. மோதலை எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாயிற்று. இதில் எந்தக் கிரகம் இடம் மாறிற்று? மனிதன் புத்தியல்லவா மாறிற்று!

இவ்வளவுக்கும் பிறகு, 2019 அக்டோபரில் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் பிரான்சில் ரபேல் விமானத்துக்குப் பூஜை செய்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எலுமிச்சம்பழம் காக்குமானால் ராடார் எதற்கு?

2025 ஆகஸ்டில் பார்லிமெண்டுக் குழுவே, கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர் போதாமையையும், இருப்பவர்களின் களைப்பையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. தூக்கமில்லாதவன் கண் ஒரு எண்ணைத் தவறவிட்டால் நூற்றுக்கணக்கான உயிர் போகும். அன்று அவனொருவன் தலையில் பழியைப் போடுவதும், செத்தவன் தலையில் விதியைப் போடுவதும் ஒரே சோம்பேறித்தனமேயாகும்.

ஆகவே தோழர்களே! ஊரிலிருந்து பிள்ளையை விமானமேற்ற அனுப்பும்போது ராகுகாலம் பார்ப்பதை விடுங்கள். காலியிடங்களுக்கு ஆள் போட்டாயா, வேலை நேரத்தைக் குறைத்தாயா, ஓய்வு கொடுத்தாயா என்று சர்க்காரைக் கேளுங்கள். பிள்ளையின் உயிரைக் காப்பது அந்தக் கேள்விதான்.