அடுத்தவங்க பாட்டு... நம்ம வியர்வை!

கோட்டுச்சேரிமேட்டுல ராக் பேண்டானு சிரிக்காதீங்க பாஸ்! கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், முன்னால மைக் பிடிச்சு ஒருத்தர்... பெங்களூரு பப்புல நிக்கிற பேண்டுக்கு என்னென்ன வேணுமோ, அதெல்லாம் நம்ம பக்கத்து கோயில் திருவிழா மேடையில ரொம்ப வருஷமா இருக்கு. அங்கே அதுக்குப் பேரு லைட் மியூசிக். பப்புல அதுக்குப் பேரு கவர்ஸ். ரெண்டுமே அடுத்தவங்க ஹிட் பாட்டை மேடையில உயிரோட வாசிக்கிற வேலைதான். திருவிழாவுல துண்டுச் சீட்டுல நேயர் விருப்பம் வரும். பப்புல டிஷ்யூ பேப்பர்ல வரும். அவ்ளோதான் வித்தியாசம்!

ஆனா, நம்ம ஹாஸ்டல் பசங்ககிட்ட ஒரு இளக்காரம் இருக்கு. "சொந்தமா ஒரு டியூன் இல்ல, காப்பியடிக்கிறான்டா"னு ஈஸியா சொல்லிடுவாங்க. அப்படிச் சொல்றவங்களுக்குக் கொஞ்சம் ஹிஸ்டரி.

1960-களின் கடைசி. சென்னை மவுன்ட் ரோடு சஃபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு நைட் கிளப். அங்கே புடவை கட்டி, பொட்டு வெச்சு, இங்கிலீஷ் பாட்டு பாடினார் உஷா ஐயர் என்ற இளம்பெண். 1969-ல் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரின்காஸ் ரெஸ்டாரன்ட் மேடைக்குப் போனார். அவர்தான் நாம் இன்னிக்குக் கொண்டாடுற உஷா உதுப்!

இன்னும் தூரம் போவோமா? 1960 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இந்திரா என்ற கிளப்பில் (ஆமா, நம்ம ஊர்ப் பேருதான்!) இங்கிலாந்துப் பசங்க சிலர் வாசிக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு கிளப்பில் மட்டும் 48 ராத்திரி. ஒவ்வொரு ராத்திரியும் நாலு மணி நேரத்துக்கு மேல. பெரும்பாலும் அடுத்தவங்க பாட்டு. பேண்டு பேரு பீட்டில்ஸ். 1963-ல் வந்த அவங்க முதல் ஆல்பத்துல இருக்கிற 14 பாட்டுல 6 கவர்தான்!

ஏன் இது பெரிய விஷயம்? ரெக்கார்டிங்ல முப்பது வயலின் வாசிச்சதை ஒரே கீபோர்டுல கொண்டு வரணும்னா, பாட்டைப் பிரிச்சு மேயணும். எது இல்லேன்னா பாட்டு படுத்துரும், எதை விட்டாலும் யாருக்கும் தெரியாதுன்னு கண்டுபிடிக்கணும். பாடுறவன் குரல் எட்டலேன்னா சுருதியை இறக்கணும். பக்கத்து டேபிள்ல பில் தகராறு நடந்தாலும் தாளம் நழுவக் கூடாது. இதை எந்த கிளாஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க.

இப்போ நம்ம ஊர்க் கதை. இளம் வயசுல எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஒரு லைட் மியூசிக் குழு வெச்சிருந்தார். அதுல கிட்டாரும், அப்புறம் ஆர்மோனியமும் வாசிச்சவர் யார் தெரியுமா? இளையராஜா! தாளத்துக்கு அண்ணன் பாஸ்கர், கிட்டாருக்குத் தம்பி கங்கை அமரன். அடுத்தவங்க பாட்டை ஒண்ணா வாசிச்சு வளர்ந்த கூட்டம்.

அதே எஸ்.பி.பி-க்கு 2017 மார்ச்சில், வெளிநாட்டுக் கச்சேரி டூர்ல இருந்தப்போ, இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போச்சு. 'அனுமதி இல்லாமல் என் பாட்டை மேடையில் பாடக் கூடாது.' எஸ்.பி.பி. அந்த டூர்ல ராஜா பாட்டை நிறுத்திட்டார். 2019-ல் ரெண்டு பேரும் மறுபடி ஒரே மேடையில் நின்னது நமக்கெல்லாம் நிம்மதி. ஆனா, அந்த நோட்டீஸ் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. கைதட்டல் பாடுறவங்களுக்கு, வசூல் நடத்துறவங்களுக்கு... பாட்டைப் போட்டவங்களுக்கு?

1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டம் இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கு. 52-வது பிரிவைப் பாருங்க. கல்யாண ஊர்வலத்துல, கோயில் சடங்குல வாசிச்சா தப்பில்லை. அமெச்சூர் குழு, காசு கொடுக்காத ஆடியன்ஸ் முன்னால வாசிச்சாலும் தப்பில்லை. அதனால நம்ம காலேஜ் பசங்களே ஃப்ரீயா நடத்துற கல்ச்சுரல்ஸுக்குப் பயம் வேண்டாம். டிக்கெட் போட்டா அந்த சலுகை போச்சு! பப்பும் அப்படித்தான். அங்கே லைசென்ஸ் வேணும். பாட்டு எழுதினவங்க, இசையமைச்சவங்க சார்பா பணம் வசூலிக்க 1969-லேயே தொடங்கின ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கு. மேடை ஏறும் முன்னாடி, "லைசென்ஸ் வாங்கியாச்சாண்ணே?"னு நடத்துறவங்களைக் கேட்கிறதுல வெட்கமே வேண்டாம்.

கூடவே இன்னொண்ணும் கேளுங்க: "எங்களுக்கு எவ்ளோ?" 'சாப்பாடு போட்டுடறோம் தம்பி, உங்களுக்கும் பேர் கிடைக்கும்ல' என்பது சம்பளம் இல்லை. பஸ் செலவு, கிட்டார் கம்பி, ரிகர்சல் ரூம் வாடகை இதெல்லாம் யார் தலையில? பாட்டைப் போட்டவருக்குக் காசு சேரணும்னு சொல்ற அதே நியாயம், அதை மூணு மணி நேரம் நின்னு வாசிக்கிறவனுக்கும் உண்டு.

கடைசியா ஒரு டிப்ஸ். பப் கச்சேரி பெரும்பாலும் ரெண்டு மூணு செட்டா நடக்கும். முதல் செட்ல ஆடியன்ஸ் மெனு கார்டைத்தான் பார்ப்பாங்க. கடைசி செட்ல ஆட்டம் போட பாட்டு கேப்பாங்க. நடுவுல ஒரு இடம் இருக்கு... ரெண்டு ஹிட் பாட்டுக்கு இடையில. உங்க சொந்தப் பாட்டை அங்கே சொருகிப் பாருங்க. அறிவிப்பு, பில்டப் எதுவும் வேண்டாம். கைதட்டல் கம்மியாத்தான் வரும். பரவால்ல. அடுத்த வாரமும் அதே இடத்துல அதையே வாசிங்க. யாராவது ஒருத்தர் டிஷ்யூ பேப்பர்ல அந்தப் பாட்டோட பேரை எழுதி அனுப்புற வரைக்கும்!