களப்பின் வாய் வடக்கே இருக்கிறது

புத்தளம் களப்பு கடலோடு சேர்வது வடக்கே, கற்பிட்டிக்கு அப்பால். நுரைச்சோலை, தலவில என்று ஊர்களைத் தாங்கி மேற்கே நீண்டு கிடக்கும் நிலத்தில் கடல் நுழைய வழியில்லை. வெயில் காலத்தில் களப்பின் தென்பகுதி நீர் கடலைவிட உப்பேறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நான் கேட்டு வாங்கிய படத்திலோ மேற்குக் கரை நடுவில் பிளந்து கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு மலைத்தொடர். வர்ணம் கண்ணைப் பறித்தது.

நான் இந்தக் கரையில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிரிஸ்டல் போர்ட்டில் படம் கீறிப் பெயர் எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும். போனில் ஒரு வரி எழுதினால் உடனே படம் வருமென்றால் எந்த ஆசிரியருக்குத்தான் ஆசை வராது? இந்தக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றிடம் எந்த வேலையை எப்படி வாங்குகிறோம் என்பதுதான் கவலை.

2025இல் இலங்கையில் உப்புத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். மழையால் விளைச்சல் கெட்டது. சுற்றிலும் கடல் இருக்க உப்புக்கு ஏன் பஞ்சம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல படம் ஒன்று இருந்தால் விடை அதிலேயே கிடைக்கும். உப்பளத்தில் உவர்நீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கிறது. அடுத்தடுத்த பாத்திகளில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படிகின்றன. கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே கறியுப்பு விளையத் தொடங்கும். கடைசியில் எஞ்சும் மக்னீசியக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இடையில் மழை கொட்டினால் வாரக்கணக்காகச் சுண்டிய நீர் மறுபடி நீர்த்துப் போகும். எல்லாமே வரிசை. ஓர் அம்புக்குறி இடம் மாறினாலும் பாடம் பிழை. இதைச் செயலியிடம் கேட்டபோது எனக்கு வந்த படத்தில் ஜிப்சம் உப்புக்குப் பிறகு படிந்தது. பாத்திகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தைப் போன்ற ஏதோ கோடுகள்.

படம் தீட்டும் செயலி எண்ணற்ற படங்களில் பழகி, அவற்றைப் போல இன்னொன்றைத் தருகிறது. அம்பு எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னால் வேறொரு மூலை மாறிவிடக்கூடும்.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. சுவீடன்காரரான கனூட் ஸ்வெய்ட்குவிஸ்ட் 2014இல் உருவாக்கிய மெர்மெய்ட் என்ற இலவசக் கருவி, எழுத்தில் கொடுத்ததைப் படமாக்கும். 'தேக்கம்', 'பாத்தி' என்று இரண்டு பெட்டிகளுக்குப் பெயர் கொடுத்து, இடையில் இரண்டு கோடும் ஒரு முனையும் இட்டால், இரண்டு பெட்டிகளும் நடுவில் அம்பும் வந்துவிடும். செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் கேட்காமல், மெர்மெய்டுக்கான இந்த வரிகளைக் கேளுங்கள். தமிழ் தமிழாகவே நிற்கும். ஜிப்சம் தவறான இடத்தில் இருந்தால் அந்த ஒரு வரியை நாமே மாற்றலாம். படம் பளபளப்பாக இராது. அதனால் பாடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வகுப்பில் தொங்கவிடும் முன் படத்தை உப்புத் தொழில் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் தகப்பன்மாரின் பிள்ளைகள்தானே நம் முன்னால் இருக்கிறார்கள்? எந்தப் பாத்தியில் என்ன படியும் என்று அந்தத் தகப்பன்மாரைவிட யார் சரியாகச் சொல்வார்கள்?

ஆசிரியர்களே, மற்ற ஆசிரியர்களுக்கு நீங்கள் செய்யும் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அதை உருவாக்கிய வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். உடப்பில் இருப்பவர் அதைத் தன் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளட்டும்.