பதிவேட்டில் பெயர் உண்டு, பாதுகாப்பு உண்டா?

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் சிற்றூர்ப் பங்குகளில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகின்றது. தாளாளரும் தலைமையாசிரியரும் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தேடுகின்றனர். ஆகஸ்ட் முதல் நாளன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எண்ணிக்கை சரிந்தால் உபரி ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குச் செல்லவேண்டும். மேலும் சரிந்தால் பள்ளிக்கே பூட்டு. இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. வேளாண் கூலிகளின் ஊரில் நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் ஒரே பள்ளி மூடப்படுவது சிறிய இழப்பன்று.

ஆனால் இந்தப் பரபரப்பில் ஒரு கேள்வி மட்டும் எழுவதேயில்லை. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கேட்போர், அப்பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழ் அமர்கிறார்கள், எந்தச் சுவரின் ஓரத்தில் விளையாடுகிறார்கள், ஏதேனும் நேர்ந்தால் எந்த வாயில் வழியே வெளியேறுவார்கள் என்று ஏன் கேட்பதில்லை? சேர்க்கை வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே பெருங்கேடு என்பது நம் வாதம். ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது, அப்பிள்ளையின் உயிருக்கு நாம் பொறுப்பு என்று கையெழுத்திடுவதாகும். அந்தப் பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் பெயரை எழுத உரிமை அற்றவர்.

“சிறிய பள்ளிதானே, இங்கு என்ன ஆபத்து?” என்பது நாம் கேட்கும் முதல் மறுமொழி. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நெருக்கியடித்து இயங்கின என்பதையும் நாடு அன்றுதான் அறிந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து மழலை வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். சமையற்கூடம், கழிப்பறைச் சுவர், கழிவுநீர்த் தொட்டி: இம்மூன்றும் இல்லாத சிற்றூர்ப் பள்ளி எது? 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துள்ளது. பசித்த வயிறுகளுக்கு அது பெரும் பேறு. ஆயின், அடுப்பெரியும் வேளை கூடும்போது விழிப்பும் கூட வேண்டுமன்றோ?

“நிதி எங்கே?” என்பது இரண்டாவது மறுமொழி. ஊர்த் திருவிழாவின் சப்பரத்திற்கும் மின்விளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் நிதி எங்கிருந்து வருகின்றதோ, அங்கிருந்துதான். பாதுகாவலரான புனிதரின் விழாவுக்கு வரி கொடுக்கும் இறைமக்கள், தம் பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கேட்டால் கொடுக்க மறுப்பார்கள் என்பது அவர்களை இழிவுபடுத்தும் பேச்சு. தொட்டிக்கு ஒரு வலுவான மூடி, கிணற்றுக்கு ஒரு கம்பி வலை, அறுந்து தொங்கும் மின்கம்பிக்கு ஒரு மின்பணியாளர் – இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மாலை நேர வெடிச் சத்தத்தின் விலையை எட்டாது.

மூன்றாவது மறுமொழியே மிகவும் வருத்தத்திற்குரியது. “நாம் சிறுபான்மையினர்; நம் பள்ளியில் பிறர் தலையிட முடியாது” என்கின்றனர். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது உண்மையே. அத்தீர்ப்பு சரிதானா என்று அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 2025-இல் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டுமென அனுப்பியிருப்பதும் உண்மை. அந்த வழக்கு எவ்வாறு முடிந்தாலும், கும்பகோணத் துயரத்தை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று வந்த தீர்ப்பு நம் எல்லாருக்கும் உரியது: பாதுகாப்பான பள்ளியில் கற்பது குழந்தையின் அடிப்படை உரிமையைச் சேர்ந்தது என்று அது உறுதியாகக் கூறிற்று. அரசியலமைப்புச் சட்டம் சிறுபான்மையினருக்குத் தந்த உரிமை, பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமை. விரிசல் விட்ட சுவரை அப்படியே விட்டுவைக்கும் உரிமை அதில் அடங்காது.

இங்கே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு என்பது கல்லும் மண்ணும் பற்றியது மட்டுமன்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் எனக் கட்டளையிடுகின்றது. ஆசிரியர், பணியாளர், கன்னியர், குருக்கள் எவருக்கும் இதில் விலக்கில்லை. “பள்ளியின் பெயர் கெட்டுவிடும், சேர்க்கை குறைந்துவிடும்” என்று ஒரு குழந்தையின் வாயை அடைப்பவர், எண்ணிக்கைக்காகக் குழந்தையைப் பலியிடுகின்றார். அவர் எந்த உடை உடுத்தியிருந்தாலும் அது பாவமே.

எண்ணிக்கையின் பெயரால் நிகழும் வேறொரு பொய்யும் உண்டு. நகரத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரும், பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்ட குடும்பத்துப் பிள்ளையின் பெயரும் வருகைப் பதிவேட்டில் உயிர் வாழ்வதைச் சிலர் நற்செயலாகவே கருதுகின்றனர். ‘பள்ளியைக் காப்பாற்றத்தானே!’ என்கின்றனர். தீ பற்றினாலோ சுவர் சரிந்தாலோ முதலில் எழும் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதே. அந்நேரத்தில் பதிவேடு பொய் சொன்னால், இல்லாத பிள்ளையைத் தேடுவோம். இருக்கும் பிள்ளையை விட்டுவிடுவோம். உண்மையான வருகைப் பதிவேடே ஒரு பள்ளியின் முதல் பாதுகாப்புக் கருவி. அதைப் பொய்யாக்குபவர் பள்ளியைக் காப்பாற்றவில்லை.

நம் பள்ளியைத் தாண்டி நகரத்து வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாயை ஆங்கில மோகம் பிடித்தவள் என்று பழிப்பது எளிது. பூட்டிய கழிப்பறையும் பெயர்ந்த தளமும் அவள் கண்ணுக்குத் தெரிகின்றனவே! ஆனால் அந்த வேனே புகலிடம் என்று அவள் நம்பினால் அதுவும் மயக்கம். 2012-இல் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்த பிறகே பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு முகத்தையும் அறிவார். ஒரு பிள்ளை வராவிடில் அரை மணியில் வீட்டாருக்குச் செய்தி போகும். இந்த வலிமை ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு எளிதில் வாய்க்காது. அதைத் தாய்மாருக்குக் காட்டுவதே மெய்யான சேர்க்கைப் பணி.

ஆகவே பொதுநிலையினராகிய நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பள்ளி திறக்குமுன் பங்குப்பேரவையும் பெற்றோரும் ஒரு நாள் பள்ளியைச் சுற்றி வாருங்கள். கூரை, சுவர், தொட்டி, கிணறு, மின்கம்பி, சமையற்கூடத்து எரிவாயு உருளை, கதவின் தாழ்ப்பாள் ஆகிய ஒவ்வொன்றையும் பாருங்கள். கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் எங்கே, எந்த நாள்வரை செல்லும் என்று தாளாளரிடமே கேளுங்கள். அவர் உங்கள் பங்குக்குருவாயிருந்தால் இன்னும் உறுதியாகக் கேளுங்கள். இடிக்கவேண்டிய அறையை இடித்துவிட்டு, பருவத்திற்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை ஒழுங்காக வெளியேறப் பழக்குமாறு சொல்லுங்கள். கண்டதையெல்லாம் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேட்பது குருத்துவத்தை அவமதிப்பது ஆகாது.

காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் ஆண்டுதோறும் வாசிக்கின்றோம். ஆயனின் அன்பை வியக்கின்றோம். அவர் தம் ஆடுகளைச் சரியாக எண்ணியிருந்தார் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. நூறு என்று பொய்க் கணக்கு வைத்திருந்தால் ஒன்று குறைந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா? நம் பள்ளிகளில் நூறு இல்லாவிடினும் குறையில்லை. இருபத்துமூன்று பேர் என்றால் இருபத்துமூன்று என்றே எழுதுவோம். அந்த இருபத்துமூன்று பேரும் மாலையில் உடலும் உள்ளமும் ஊனமின்றி வீடு திரும்புவதற்கு உறுதி செய்வோம். பள்ளியைக் காக்கும் வழி அதுவே.