தோள்வலி திரும்பி வந்தால்

1893-இல் பாரிஸில் பியான் என்ற மருத்துவர் பொருத்திய செயற்கைத் தோள்மூட்டை, சுமார் ஈராண்டில் கிருமித்தொற்றால் கழற்ற நேர்ந்தது.

அந்தச் சிக்கல் இன்னும் ஓயவில்லை. தோலில் வாழும் குட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என்னும் கிருமி, பெரும்பாலும் காய்ச்சலோ சீழோ காட்டாமல் செயற்கை மூட்டுக்குள் பதுங்கும். வலியும் இறுக்கமுமே அடையாளம். ஆய்வுக்கூடத்தில் அது வளர 2 வாரம்கூட ஆகலாம். அதற்குள் ‘கிருமி இல்லை’ என்று முடிவெழுதுவது அவசரம்.

தொற்று ஊறிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. மூட்டைக் கழற்றி, கெட்ட திசுவை நீக்கி, மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்த பிறகே புது மூட்டு. சிலருக்கு ஒரே அறுவையில் முடியும்.

2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். நீரிழிவு இத்தகைய தொற்றுக்கு வழிவிடும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வாசகர்களே, மூட்டுமாற்று அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள். பிறகு வலி திரும்பினால், வயதின் மீது பழிபோடாமல் அறுவை மருத்துவரிடமே திரும்பச் செல்லுங்கள்.