வினா இல்லாத உரை

நம் பள்ளிகளில் கவிதை கற்பிக்கப்படுவதாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. கற்பிக்கப்படுவது பொழிப்புரை, கவிதை அதற்கொரு சாக்கு. செய்யுளை ஆசிரியர் வாய்விட்டுப் படிப்பதற்கு முன்பே அதன் பொருள் வழிகாட்டி நூலில் அச்சாகி, மாணவனின் பையில் ஏறி வகுப்புக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு அங்கே ஆசிரியருக்குத்தான் என்ன வேலை? மாணவனுக்குத்தான் என்ன வேலை?

‘நயம் பாராட்டுக’ என்றொரு வினா தேர்வில் உண்டு. மாணவன் ஒரு கவிதையோடு தனித்து நின்று உறவாட வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட வினா அது. நோக்கம் உயர்ந்ததே. ஆயின் நடப்பது என்ன? திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை எனத் தலைப்புகள் முன்கூட்டியே வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு ஆறு எவ்வாறோ, வீரனுக்கு வாள் எவ்வாறோ, அவ்வாறே செய்யுளுக்கு எதுகையும் மோனையும் என்கிற பாணியில் மனப்பாட வாக்கியங்களும் ஆயத்தமாக உள்ளன. முதலெழுத்துகளையும் இரண்டாம் எழுத்துகளையும் பொறுக்கி அந்தந்தத் தலைப்பின்கீழ் இட்டுவிட்டால் மதிப்பெண் விழுந்துவிடும். தாலாட்டுக்கும் அதே நயம். ஒப்பாரிக்கும் அதே நயம்!

இதுதான் தமிழ் மரபு என்று எவரேனும் சொல்வாராயின், அவர் நன்னூலைத் திறந்து பார்க்கட்டும். உரை என்பதற்குப் பதினான்கு கூறுகளை வகுக்கும் பவணந்தியார், சொற்பொருளையும் தொகுத்துரையையும் சொன்னதோடு நின்றுவிடவில்லை. வினாவையும் விடையையும் உரையின் உறுப்புகளாகவே எண்ணினார். துணிவு, அதாவது ஐயத்தை நீக்கி ஒரு முடிவுக்கு வருதல், அவற்றுக்குப் பிறகே எண்ணப்படுகிறது. நம் வழிகாட்டி நூல்களோ வினாவை அகற்றிவிட்டுத் துணிவை மட்டும் அச்சிட்டு விற்கின்றன. ஐயமே எழாதவனுக்குத் துணிவு எதற்கு?

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது அறிந்த செய்தி. அவர்களுள் மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இறைவனை மலரின்மேல் சென்றவனாகச் சுட்டும் மூன்றாம் குறளை எடுத்துக்கொள்வோம். அன்பால் நினைப்பவரின் உள்ளமே அம்மலர் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அத்துடன் அமையாமல், ‘செல்கின்றவன்’ என்னாது இறந்த காலத்தில் ஏன் கூறவேண்டும் என்னும் ஐயத்திற்கும் இடம் தருகிறார். நினைத்த அளவிலே விரைந்து வந்துவிடுவதனால் அவ்வாறு கூறப்பட்டது என்பது அவர் தரும் அமைதி. பூமேல் நடந்தான் என்னும் பெயரைக் கொண்டு வேறொரு கடவுளுக்கு இதனை உரியதாக்குவோரும் உளர் என்று, தமக்கு உடன்பாடில்லாத கொள்கையையும் அங்கேயே பதிந்து வைக்கிறார்.

ஒரு வினைச்சொல்லின் காலத்தைக் கேட்கப்போய் உரைகாரர் எங்கே வந்து நிற்கிறார், பாருங்கள். இறைவன் வருகிறானா, முன்பே வந்துவிட்டானா? நினைவு முந்தியதா, அவன் அருள் முந்தியதா? இவை தத்துவத்தின் தலைவாயிலில் நிற்கும் கேள்விகள். பதினான்கு வயதுச் சிறுவன் இவற்றைக் கேட்கமாட்டான் என்பது அவனை அறியாதவர் கூற்று. வீட்டில் இவற்றைவிடக் கடினமான கேள்விகளால் உம்மாவைத் திணறடிப்பவன்தான் அவன். வகுப்பறையில் மட்டும் வாய் மூடிக்கொள்கிறான். அங்கே கேள்விக்கு மதிப்பெண் இல்லை என்பதை அவன் நன்கு அறிவான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடத்திட்டத்திற்குப் புதியவர் அல்லர். அண்மைக் காலத்து எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘மெய்ஞ்ஞான ஒளி’ என்னும் தலைப்பில் அவருடைய கண்ணிகள் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால் அவரைப் பற்றி நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது யாது? சமய நல்லிணக்கம் என்னும் ஒற்றைத் தொடர்! திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்னும் சிறப்பும் அந்தத் தொடருக்குச் சான்றாகவே பயன்படுகிறது. அவ்வளவு பெரிய புலவரை எது ஈர்த்தது என்று எவரும் கேட்பதில்லை.

மனோன்மணிக் கண்ணியின் மனோன்மணி யார்? சைவர்க்கு அது சக்தியின் திருநாமம். யோக நூலார்க்கு மனம் கடந்த நிலையின் பெயர். ஸூஃபி வழியினர்க்கோ, காதலியாக வைத்துப் போற்றப்படும் பரம்பொருள். ஏகத்துவத்தில் ஊறிய ஒரு மனிதர் ஏன் இந்தப் பெயரைத் தேர்ந்தார்? பெயர் வேறு, பெயரிடப்பட்டது வேறா? இக்கேள்விகளை எழுப்ப முஸ்லிம் ஆசிரியர் கூசுகிறார். முஸ்லிம் அல்லாத ஆசிரியரோ, பிறர் மனம் புண்படுமோ என்று அஞ்சுகிறார். இருவருக்கும் நல்லிணக்கம் என்னும் சொல் வசதியான புகலிடமாகிவிடுகிறது.

இத்தகைய பாடல்கள் நம் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று கூறும் நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பொருள் மயக்கம் ஈமானைக் கெடுக்கும் என்பது அவர்தம் கவலை. கவலையை மதிக்கிறோம், மருந்தை ஏற்கமாட்டோம். இப்னு அரபி (1165–1240) ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ என்னும் காதற்கவிதைத் தொகுதியை யாத்தபோது, சிரியாவின் ஹலப் நகரத்து மார்க்க அறிஞர்களிடமிருந்து இதே ஐயம் எழுந்தது. அவர் கவிதைகளைக் கிழித்தெறியவில்லை. அவற்றுக்குத் தாமே விரிவுரை எழுதினார். நம் தப்ஸீர் மரபுதான் வேறென்ன கற்பிக்கிறது? இமாம் தபரீ (839–923) ஒரு வசனத்திற்கு முன்னோர் கூறிய வேறு வேறு விளக்கங்களை அறிவிப்பாளர் வரிசையோடு அடுக்கிவைத்து, அதன் பின்னரே தம் முடிவைக் கூறுவார். இறைவேதத்தின் விளக்கத்திற்கே அத்துணை இடம் தந்த சமுதாயம், ஒரு கவிஞனின் கண்ணிக்கு ஒரே பொருள்தான் இருக்கலாம் என்று பிடிவாதம் செய்வது விந்தையிலும் விந்தை!

“ஆளுக்கொரு பொருள் சொன்னால் எப்படித் திருத்துவது?” என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். ஆளுக்கொரு பொருள் என்று நாமும் சொல்லவில்லை. சொல்லும் இலக்கணமும் இடமும் தாங்காத பொருளைப் பரிமேலழகரும் ஏற்கமாட்டார், தபரீயும் ஏற்கமாட்டார். மாணவன் எந்தப் பொருளைக் கொண்டான் என்பதைவிட, எதன் துணைகொண்டு அதனை நிறுவினான் என்பதைப் பார்த்து மதிப்பிட முடியாதா? கணக்குப் பாடத்தில் விடையோடு வழிமுறைக்கும் மதிப்பெண் இடுகிறார்களே!

பாடநூல் குழுவினரிடம் நாம் கேட்பது அதிகமன்று. ஒரே ஒரு குறளுக்கேனும் மணக்குடவர் உரையையும் பரிமேலழகர் உரையையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிடுங்கள். கீழே விடையில்லாத ஒரு வினாவை வையுங்கள். அந்த வினாவுக்கு விடை எழுதித்தர எந்த வழிகாட்டி நூலையும் அனுமதியாதீர்கள். மஸ்தான் சாகிபைப் பாடமாக வைக்கும்போது மனோன்மணிக் கண்ணியிலிருந்து நான்கு கண்ணிகளைச் சேருங்கள். அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், முஸ்லிமோ அல்லரோ, “இது யாரைக் குறிக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும்.