நடுத் தலைமுறைக் கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க ஆகப் புதிய கம்ப்யூட்டர் உதவாது. டிஸ்க்கைவிட ஐந்தாறு வயது இளைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். டி.டி.பி. தொழிலில் தலை நரைத்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன். பரணிலும் கடை மூலையிலும் கிடக்கும் பென்டியம் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். 1990களில் தமிழில் டைப் அடித்தவற்றைத் திறந்து பார்க்கும் வழியும் அவற்றோடு சேர்ந்து போகிறது.

திருவல்லிக்கேணியில் இருக்கும் என் கடைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். அவருடைய அப்பா தமிழாசிரியர். சொந்த ஊரின் வரலாற்றை எழுதி, 1996-ல் என்னிடம் டைப் அடித்து வாங்கி, கைக்காசு போட்டு அச்சிட்டவர். வீட்டிலிருந்த கடைசிப் பிரதி செல்லரித்துவிட்டதாம். “அப்பாவோட ஃபைல் உங்ககிட்ட இருக்குமா அண்ணே?” என்று கேட்டார். இருந்தது. 420 எம்.பி. டிஸ்க்கில், பேஜ்மேக்கர் 5 கோப்பாக. ஆனால் அந்த டிஸ்க் இருந்த 486 கம்ப்யூட்டர் செத்து வெகுகாலம் ஆயிற்று. போர்டில் பற்றவைத்திருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்திலிருந்த செப்புத் தடங்களையெல்லாம் பச்சை பூக்க அரித்திருந்தது. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றுக்கு முடிவு இப்படித்தான் வந்தது.

“யு.எஸ்.பி. அடாப்டர் போட்டா லேப்டாப்லயே வந்துரும் சார்” என்றான் கடைப் பையன். ரிச்சி தெருவில் வாங்கி வந்து மாட்டினான். டிஸ்க் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. இந்த அடாப்டர்களில் பல, டிஸ்க்கில் உள்ள இடத்தை ஒரே தொடர் எண்ணாகக் கேட்கும். பழைய டிஸ்க்குகளில் பலவற்றுக்கு சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்ணாகச் சொன்னால்தான் புரியும்.

2000-ல் வீட்டுக்கென்று வாங்கிய பென்டியம் 3-ஐக் கீழே இறக்கினேன். அதில் 40 பின் ஐ.டி.இ. இணைப்பு அப்படியே இருக்கிறது. டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஜம்பரைப் பிடுங்கி, மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்கு மாற்றினேன். பட்டை ஒயரின் சிவப்பு ஓரம் பவர் இணைப்பை ஒட்டி வரும்படி செருகினேன். பயாஸில் ‘ஆட்டோ’வை நம்பாமல், 486-ல் கொடுத்திருந்த மூன்று எண்களையும் நானே தட்டினேன். அவற்றை அந்தக் காலத்திலேயே அதன் கேபினெட் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டியிருந்தேன். இந்தக் கணக்கு மாறிப்போனால், உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தும், ‘டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அவசரத்தில் ‘யெஸ்’ கொடுத்தால் கதை முடிந்தது.

பழைய டிஸ்க் டி டிரைவாக வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த டி, ஈ ஆகிவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்கின் முதன்மைப் பகுதிக்கும் எழுத்து கொடுத்த பிறகுதான் மற்றப் பகுதிகளுக்கு விண்டோஸ் 98 எழுத்து கொடுக்கும். பேஜ்மேக்கரும் படங்களைப் பழைய பழக்கத்தில் சி டிரைவில் தேடியது. ஒவ்வொன்றுக்கும் இடம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் முன்பே மொத்தத்தையும் நகலெடுத்துவிட்டேன். அன்று கடையின் முழு உழைப்பையும் சுமந்த டிஸ்க், ஒரே சி.டி.யில் அடங்கி இடமும் மிச்சம் வைத்தது.

ஆங்கிலக் கோப்பாக இருந்தால் வேலை இதோடு முடிந்திருக்கும். தமிழுக்கு இனிமேல்தான் ஆரம்பம். யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்தாலும், எங்கள் கடைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. ஆளுக்கொரு நிறுவனம், நிறுவனத்துக்கொரு எழுத்துரு. ஒன்றில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ஞ’ இருக்கும். 1999-ல் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்த பிறகு டாம், டாப் என்ற குறியீடுகளை அரசு ஏற்றது. யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். அதற்கு முந்தைய கோப்பை உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசை கட்டி நிற்கும்.

உரிய எழுத்துரு எங்கே இருக்கும்? அதே டிஸ்க்கில், விண்டோஸ் 3.1-ன் சிஸ்டம் டைரக்டரியில். போதாததற்குத் தமிழ் மென்பொருள்கள் சில, பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற காப்புச் சாவியைச் செருகினால்தான் வாயைத் திறக்கும். இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட் ஏது? பென்டியம் 3-ல் பிரின்டர் போர்ட்டும் ஃபிளாப்பியும் இருக்கின்றன, சி.டி. ரைட்டரும் யு.எஸ்.பி.யும்கூட இருக்கின்றன. தாத்தா முணுமுணுப்பதையும் புரிந்துகொண்டு, பேரனுக்கும் எடுத்துச் சொல்லத் தெரிந்த அப்பாவைப் போன்றது அது. ஆசிரியரின் நூலை அதில் திறந்து, எழுத்துருவை மாற்றி, யூனிகோடாக்கி அவர் மகளிடம் கொடுத்தேன்.

‘பழைய கம்ப்யூட்டர் மின்கழிவுதானே, ஈயமும் காட்மியமும் வீட்டில் எதற்கு?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. வீட்டுக்கு வீடு சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. ‘பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர் இருக்கிறதே’ என்பார்கள் இளைஞர்கள். இருக்கிறது, நல்லதும்கூட. ஆனால் டிஸ்க்கில் இருப்பதை யாராவது வெளியே எடுத்துக் கொடுத்த பிறகுதான் எமுலேட்டருக்கு வேலை. டாங்கிளை அதில் எங்கே செருகுவது?

கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அதே 1994-ல் நாங்கள் அடித்த நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் சிற்றிதழ்களும் ஊர் வரலாறுகளும் டிஸ்க்கில் முடங்கிக் கிடக்கின்றன. ஓலைச்சுவடியையும் பழைய நூலையும் ஸ்கேன் செய்யும் அக்கறை நம்மிடம் இருக்கிறது. டிஸ்க்கைப் பற்றி மட்டும், ‘கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி அழியாது’ என்று இருந்துவிட்டோம்.

மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மேசை போதும். ஓடும் நிலையில் ஒரு பென்டியம் 3, பட்டை ஒயர்கள், ஒரு ஃபிளாப்பி டிரைவ், பழைய தமிழ் எழுத்துருக்களின் தொகுப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் மாற்றிகளையும் திரட்டிக் கொடுக்கலாம். கோப்பைத் திறந்து, ‘இது இன்ன எழுத்துரு’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய டி.டி.பி. ஆட்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி எடைக்கடையிலேயே கிடைக்கும். இதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மனமுள்ள நூலகர் ஒருவர் நாளைக்கே தொடங்கிவிடலாம்.