ஒரு கரண்டி ரசத்துக்கு எத்தனை நக்கல்?

மக்களே, டேஸ்டிங் மெனுவைக் கலாய்ச்சுப் பதிவு போடறது நம்ம வட்டாரத்துல சடங்காவே ஆயிடுச்சு. "ஒரு கரண்டி ரசத்துக்கு இத்தனை ஆயிரமா? வெளிய வந்து பரோட்டா சாப்பிட்டேன்." எல்லாத்துலயும் இதே டெம்ப்ளேட். காசு அதிகம்தான், அது வேற சண்டை.

என்ன சாப்பிடறதுங்கறதை சமையல்காரர் கையில விட்டுடறோம். அவர் நினைக்கற வரிசையில சின்னச் சின்னதா வரும், அவ்வளவுதான் விஷயம். சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவுல 2017-ல ஆரம்பிச்ச ஆவர்த்தனா இதை நம்ம தென்னிந்தியச் சாப்பாட்டுலயே செய்யுது. 7, 9, 11, 13னு வரிசைகள். தெளிஞ்ச தக்காளி ரசத்தை காபி இறக்கற கண்ணாடிக் குடுவையில கொத்தமல்லியோட ஊறவெச்சு ஊத்துவாங்க.

இதை ஏதோ வேற்றுகிரக சமாச்சாரம்னு நாம பார்க்கறதுதான் காமெடி. எங்க திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர். மலையில 365 படி ஏறி இறங்கின பசியோட மெஸ்ல உக்காந்தா முதல் கவளம் பருப்புப்பொடியும் நெய்யும். அப்புறம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். நெய்ல ஆரம்பிச்சு, புளிப்புல ஏறி, ரசத்துல நாக்கைக் கழுவி, மோர்ல அடங்கற வரிசை. எந்தப் பாட்டி யோசிச்சு வெச்சாங்களோ! பிரான்சுலயே 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி விருந்துன்னா பல அயிட்டத்தை ஒரே நேரத்துல மேஜையில பரப்பறதுதான். ஒண்ணொண்ணா கொண்டு வர்ற ரஷ்யப் பாணி அப்புறம்தான் அங்க வந்துச்சு.

நாம என்ன பண்றோம்? செல்போனை நோண்டிக்கிட்டே, சாம்பார் சாதம் மேலயே ரசத்தையும் ஊத்தச் சொல்லி பத்து நிமிஷத்துல எந்திரிச்சுடறோம். வரிசையைத் தொலைச்சவனுக்கு ஒரு கரண்டி ரசத்தைப் பார்த்தா சிரிப்புதான் வரும். ரசத்தைத் தனியா ஒரு வாய் உறிஞ்சிப் பாருங்க. சீரகம் மூக்குல ஏறும், மிளகு கொஞ்சம் லேட்டா தொண்டையில பிடிக்கும். நாலாவது வாய்ல நாக்கு பழகிடும். அளவு சின்னதா இருக்கறதே அதுக்குத்தாங்க. பதிமூணும் உள்ள போனா வயிறும் நிறைஞ்சுடும்.

திட்டணும்னா சரியான இடத்துல திட்டுங்க. இந்த மாதிரி சாப்பாட்டுல "இன்னும் கொஞ்சம் ரசம்"ங்கற பேச்சுக்குப் பொதுவா இடமே இல்லை. இலையில மறுபடி கேக்கறதும், போதும்னு குறுக்கே கையை நீட்டறதும் சாப்பிடறவன் உரிமை. அதைப் பிடுங்கிக்கிட்டு பதிலுக்கு தட்டுக்குத் தட்டு பிரசங்கம் பண்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் காண்டாகுது. வேற ஊர்ல ஒரு இடத்துல, பரிமாறினவர் விளக்கி முடிக்கறதுக்குள்ள சூப்பே ஆறிப்போச்சு.

டிஸ்கி: பரோட்டா மேல எனக்கு எந்தப் பகையும் இல்லை. சால்னாவை மட்டும் தனியா ஊத்தச் சொல்லுங்க :-)